ரோஸா பொனேரின் கால்சட்டை போதும், அவர் வரைந்த எருதுகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ரோஸா பொனேர் என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியம் என்றாலே மோனே, ரெனுவார், செசான் என்று அதே சில பெயர்களோடு முடித்துக்கொள்வதுதான் வழக்கம். அந்த வரிசையில் இல்லாத ஒரு பெண்மணியை நினைவில் வைத்து இவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் என் நன்றி.

ஆனால் கட்டுரையைப் படித்து முடித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் கால்சட்டை போட்டது, தலைமுடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டது, புகை பிடித்தது, வீட்டில் சிங்கம் வளர்த்தது, திருமணம் செய்துகொள்ளாமல் தோழியோடு வாழ்ந்தது என்று முக்கால் பக்கம் இதற்கே போய்விட்டது. அவர் வரைந்த 'நிவெர்னேயில் உழவு' என்ற ஓவியம் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. அதன் கீழே 'பசுக்களை ஓட்டிச் செல்லும் விவசாயிகள், அழகான ஒரு கிராமக் காட்சி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஓவியத்தில் ஒரு பசு கூட இல்லை. யாரும் எதையும் எங்கேயும் ஓட்டிச் செல்லவும் இல்லை. அங்கே உழவு நடக்கிறது, இலையுதிர் காலத்தின் முதல் உழவு, பூட்டியிருப்பவை அத்தனையும் காயடித்த எருதுகள்.

நான் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓவியக் கலை பற்றி முறையாகப் படித்தவள் இல்லை, ஆனால் பணிக்காலம் முழுக்க மாட்டைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு மாடு நிற்கிற நிற்பிலேயே அதற்கு எங்கே வலி, வேலை செய்து களைத்ததா, தீவனம் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்க்கப் பழகிய கண் எனக்கு. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ஓவியத்தில் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அளவு. தீப்பெட்டி அளவில் பார்த்த வாசகர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. ஓவியத்தின் உயரம் 133 சென்டிமீட்டர், அகலம் 260 சென்டிமீட்டர், அதாவது எட்டரை அடி அகலம். உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு எருதுகளை இரண்டிரண்டாக மூன்று ஜோடி பூட்டி ஒரு கலப்பையை இழுக்கவிட்டால் அந்த ஏர் எவ்வளவு நீளம் வரும் என்று உழவு பார்த்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒன்றல்ல, இரண்டு ஏர், ஒன்றன் பின் ஒன்றாக. மொத்தம் 12 எருது. அந்த நீண்ட வரிசையைக் குறுக்காமல் காட்ட வேண்டும் என்றால் துணியும் அப்படித்தான் நீண்டாக வேண்டும். இதைச் சுருக்கி, ஓரத்தை வெட்டி, சதுரமாகப் போட்டால் ஓவியத்தின் பாதி போய்விடுகிறது. உங்கள் பக்கத்தில் நடந்தது அதுதான், பின்னால் வருகிற ஏர் பாதிக்கு மேல் காணவில்லை.

நிவெர்னே என்பது நடு பிரான்சில் நெவேர் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதி. அங்கே வெள்ளை நிற ஷரோலே மாடு பிரசித்தம். பக்கத்தில் இருக்கிற ஷரோல் வட்டாரத்து மாடு அது. 1773-இல் ஒரு பண்ணைக்காரர் தன் வெள்ளை மந்தையோடு நிவெர்னேவுக்கு வந்து குடியேறினார், அதிலிருந்து அந்த இனம் அங்கே பரவியது. 1864-இல் நெவேரில் அந்த இனத்துக்கென்று வம்சாவளிப் பதிவேடு தொடங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. ரோஸா வரைந்த 1849 அதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பகுதியின் விவசாயமே மாறிக்கொண்டிருந்த நேரம். இன்று ஷரோலே என்றால் இறைச்சி மாடுதான், அன்று அது முதலில் உழைக்கிற மாடு. சில வருடம் ஏரிலும் வண்டியிலும் உழைத்த பிறகுதான் கொழுக்க வைத்து சந்தைக்கு அனுப்புவார்கள். ஓவியத்தில் இருப்பவை ஏரில் உழைக்கிற வயதில் உள்ள எருதுகள். அது உடம்பிலேயே தெரிகிறது. விலா துருத்தவில்லை, அதே சமயம் தொளதொளவென்று கொழுப்பும் இல்லை. பின்தொடை இறுகி, உடம்பின் எடை முழுக்க முன்னால் சாய்ந்து, இழுக்கிற மாடு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. சும்மா நிற்கிற மாட்டை வரைந்து அதற்குப் பின்னால் ஒரு கலப்பையைச் சேர்த்த படங்கள் நிறைய உண்டு, கண்காட்சிகளிலும் நாள்காட்டிகளிலும் பார்த்திருக்கிறேன். அவற்றில் மாட்டின் தசையில் பாரம் இருக்காது. இதில் இருக்கிறது.

அடுத்து நுகம். நம் ஊர் மாட்டுக்குத் திமில் உண்டு, அதற்கு முன்னால் கழுத்தில் நுகத்தடியை வைத்துவிட்டால் தலை சுதந்திரமாக இருக்கும், மாடு திரும்பிப் பார்க்கலாம், ஈ விரட்டலாம். ஐரோப்பிய மாட்டுக்குத் திமில் இல்லை. பிரான்சின் பல பகுதிகளில் நுகத்தைக் கொம்புக்குப் பின்னால், பிடரியில் வைத்து, தோல்வாரால் கொம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். அப்படிக் கட்டினால் ஒரு ஜோடியின் இரண்டு தலையும் ஒரே கட்டையில் பூட்டியது மாதிரிதான். ஒன்று தலையை அசைத்தால் மற்றதும் அசைந்தாக வேண்டும். இழுப்பின் பாரம் முழுக்க தலை வழியாகவும் கழுத்து வழியாகவும் போகிறது. அதனால்தான் அந்த எருதுகள் தலையைத் தாழ்த்தி, நெற்றியால் காற்றை முட்டுவது போல நடக்கின்றன. ஓவியத்தைப் பார்க்கிறவர் பலர் அதைச் சோகம் என்று நினைக்கிறார்கள். சோகமோ இல்லையோ, அப்படிப் பூட்டினால் மாடு அப்படித்தான் நடக்கும். அது தெரிந்து வரைந்திருக்கிறார் அந்த அம்மா.

இப்போது நான் சொல்லப்போகிற இடத்தை வாசகர்கள் தயவுசெய்து ஒரு பெரிய பிரதியில் தேடிப் பாருங்கள். முன்னால் போகிற ஏரில், படத்தின் நடுப்பக்கத்தில், ஒரு எருது நம்மைப் பார்க்கிறது. மற்றவை எல்லாம் போகிற வழியைப் பார்க்கின்றன, இது ஒன்று மட்டும் கண்ணை வெளியே திருப்பி நேராக நம்மிடம். நுகத்தில் இறுகிய தலையைத் திருப்ப அதற்கு வழியில்லை, திருப்ப முடிந்தது கண்ணை மட்டும்தான். ஊசி போடப் போகும்போதும் காயத்தைக் கழுவும்போதும் கட்டிப்போட்ட மாடு அப்படி ஓரக்கண்ணால் பார்க்கும், மாட்டோடு இருந்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும். அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை, நீ இங்கே இருக்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது என்பது மட்டும்தான். எட்டரை அடி அகலத் துணியில் மண், மாடு, குன்று, மரம், வானம் எல்லாம் இருக்க, பார்க்கிறவரைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு கண். இதை விட்டுவிட்டு எப்படி இந்த ஓவியத்தைப் பற்றி எழுத முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மனிதர்களைத் தேடினால் அவர்கள் கிட்டத்தட்ட மறைந்தே போகிறார்கள். உழவர் மாடுகளுக்குப் பின்னால் பாதி உடம்பாகத் தெரிகிறார், யார் முகமும் மனதில் நிற்பதில்லை. அது தற்செயலாக நடந்ததில்லை. மனிதனை நடுவில் வைத்து மாட்டைப் பின்னணியாக்குவதுதான் அந்தக் காலத்து வழக்கம், ரோஸா அதைத் தலைகீழாக மாற்றினார். இந்த ஓவியத்தில் பெரிய ஆள் எருதுதான், அதற்கு அடுத்தது மண்.

மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படத்தின் கீழ்ப்பகுதி முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, புரட்டிப் போட்ட மண். பழுப்பும் செம்மையுமாக, கட்டி கட்டியாக, வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், நிழல் விழுந்த பக்கம் இன்னொரு நிறம். நம் நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகும். அந்த ஊர்க் கனத்த கலப்பை மண்ணை ஒரு பாளமாக வெட்டிப் புரட்டிப் போடும், அதனால்தான் ஆறு மாடு தேவைப்படுகிறது, அதுவும் களிமண் கலந்த நிலமென்றால் கேட்கவே வேண்டாம். இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் செய்கிற இந்த முதல் உழவுக்குப் பிரெஞ்சில் 'சோம்ப்ராஜ்' என்று பெயர், ஓவியத்துக்கே அந்தப் பெயரும் உண்டு. நிலத்தைத் திறந்து போட்டுவிட்டால் குளிர்காலம் முழுக்கக் காற்று உள்ளே போகும், உறைபனி விழுந்து விழுந்து கட்டிகளை உடைத்துப் பொடியாக்கும். ஆக, அன்றைக்கு விதைப்பதற்காக உழுகிற உழவு இல்லை இது, வருகிற பருவத்துக்காகச் செய்து வைக்கிற ஆயத்தம். படத்தில் ஒரு கதிர் கூட, ஒரு பயிர் கூட இல்லாததற்குக் காரணம் அதுதான். 'அழகான கிராமக் காட்சி' என்று போட்டவர்கள் இதைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாசகர்களுக்கு அந்தக் கட்டிகளைப் பார்க்க ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

பின்னால் மரங்கள் அடர்ந்த குன்றும், மேலே தெளிந்த வானமும். உண்மையைச் சொன்னால் குன்று எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் மந்தமாக, கடமைக்கு இருப்பது போல இருக்கிறது. ஆனால் வெளிச்சம் நன்றாக வந்திருக்கிறது. டச்சு ஓவியர்கள், முக்கியமாக 17-ஆம் நூற்றாண்டின் பௌலுஸ் போட்டர், இப்படித் தெளிவான வெயிலில் மாட்டை வரைந்தவர்கள். ரோஸா இளவயதில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகியவர், அந்தப் படிப்பு இங்கே தெரிகிறது.

சரி, அவர் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார்? உங்கள் கட்டுரை இங்கேதான் முக்கியமான விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டது. ரோஸா 1822 மார்ச் 16-ஆம் தேதி போர்தோ நகரத்தில் பிறந்தார். பாரிஸில் பிறந்ததாக நீங்கள் போட்டிருக்கிறீர்கள், அது தவறு. அப்பா ரேமோன் பொனேர் ஓவியர், வரைகலை ஆசிரியர். சின்ன வயதில் எழுத்து ஏறாமல் அடம்பிடித்த பெண்ணுக்கு அம்மா ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மிருகத்தை வரையச் சொல்லிப் படிக்க வைத்தார் என்பது பலரும் சொல்கிற செய்தி. ரோஸாவுக்கு 11 வயதில் அம்மா இறந்துவிட்டார். பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளியில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள், அந்தக் கதவு 1897-இல்தான் திறந்தது, அதாவது ரோஸா சாவதற்கு இரண்டே வருடம் முன்னால். அதனால் அப்பாவிடம் படித்தார், லூவ்ரில் படித்தார், அப்புறம் பாரிஸின் இறைச்சிக் கூடங்களில் படித்தார். அல்ஃபோர் கால்நடை மருத்துவப் பள்ளியில் இறந்த விலங்குகளை அறுத்துப் பார்த்து எலும்பும் தசையும் எங்கே எப்படிப் பொருந்துகின்றன என்று கற்றுக்கொண்டார்.

இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது. உடற்கூறு வகுப்பில் நாங்கள் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார், ஆனால் எங்களுக்குப் பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, கேட்டால் காட்ட ஒரு சான்றிதழ் இருந்தது. அவருக்கு அந்தக் கூடத்தில் இருக்க எந்த உரிமையும் எழுதித் தந்திருக்கவில்லை. ரத்தம் வழிகிற தரையில், மாடு அறுக்கிற ஆண்களின் நடுவில், நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பெண். அந்தக் கால்சட்டை விஷயம் இங்கேதான் வருகிறது. தரையைக் கூட்டுகிற நீளப் பாவாடையோடு இறைச்சிக் கூடத்திலும் குதிரைச் சந்தையிலும் நின்று வேலை பார்க்க முடியாது, ஆண்களின் தொல்லை வேறு. 1800-இல் போட்ட ஓர் உத்தரவின்படி பாரிஸில் ஒரு பெண் ஆண் உடை உடுத்த வேண்டும் என்றால் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ரோஸா வாங்கிய சீட்டுகளில் இன்று எல்லோரும் காட்டுவது 1857 மே 12 தேதியிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய சீட்டு. நீங்கள் சொல்லும் இந்த ஓவியமோ 1849-இல் வரைந்தது. கட்டுரையின் தொனியைப் பார்த்தால் ஏதோ கால்சட்டை போட்டதால்தான் ஓவியர் ஆனார் என்பது போல இருக்கிறது. நடந்தது வேறு, மாட்டை நெருங்கிப் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு வசதியாக உடுத்திக்கொண்டார். உடையைப் பற்றி எழுதக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, எந்த வேலைக்காக அந்த உடை என்பதைச் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த ஓவியம் உருவான கதையும் பக்கத்தில் இல்லை. 1848 பிப்ரவரியில் பிரான்சில் புரட்சி, மன்னர் ஓடிப்போனார், குடியரசு வந்தது, ஜூனில் பாரிஸ் தெருக்களில் தொழிலாளர்களுக்கும் ராணுவத்துக்கும் இடையே ரத்தக்களரி. அதே வருடம் சலோன் என்ற அரசு ஓவியக் கண்காட்சியில் ரோஸாவுக்குப் பதக்கம் கிடைத்தது, அப்போது வயது 26. அதைத் தொடர்ந்து புதிய குடியரசின் அரசாங்கமே 3,000 பிராங்க் கொடுத்து உழவைப் பற்றி ஓர் ஓவியம் வரையச் சொன்னது. நகரம் பற்றி எரியும்போது அரசு ஏன் உழவை வரையச் சொல்கிறது என்று யோசிக்கலாம். ஆண்கள் எல்லோருக்கும் அப்போதுதான் வாக்குரிமை வந்திருந்தது, நாட்டில் பெரும்பாலானோர் கிராமத்துக்காரர்கள். நிதானமான, நம்பகமான, பழைய வழக்கப்படி நடக்கிற கிராமத்தை எல்லோர் கண்ணிலும் காட்ட வேண்டும் என்ற ஆசை அரசுக்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ரோஸா நிவெர்னேவுக்கே போய்த் தங்கி, மாட்டையும் மண்ணையும் நேரில் பார்த்து வரைந்தார். 1849 சலோனில் வைத்ததும் பெரிய வரவேற்பு. லியோன் நகர அருங்காட்சியகத்துக்கு என்று வாங்கிய ஓவியம், ஆனால் கிடைத்த பேரைப் பார்த்து, உயிரோடு இருக்கும் ஓவியர்களின் படைப்புகளை அப்போது வைத்துவந்த பாரிஸின் லுக்ஸம்பூர் அருங்காட்சியகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அதே 1849-இல் அப்பா ரேமோன் இறந்துபோனார். பெண் பிள்ளைகளுக்கான இலவச வரைகலைப் பள்ளிக்கு அவர்தான் தலைவராக இருந்தார், அந்தப் பொறுப்பும் ரோஸாவின் தலையில் வந்து விழுந்தது, தங்கை ஜூலியெத்தோடு சேர்ந்து பல வருடம் பார்த்துக்கொண்டார்.

இந்த ஓவியத்தின் மேல் சொல்லப்படுகிற ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே 1849-இல்தான் கூர்பே என்ற பிரெஞ்சு ஓவியர் ரோட்டோரத்தில் கல் உடைக்கிற இருவரை வரைந்தார், கிழிந்த சட்டையோடு. எட்டு வருடம் கழித்து மிலே என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர் அறுவடை முடிந்த வயலில் சிதறிய கதிரைக் குனிந்து பொறுக்குகிற மூன்று பெண்களை வரைந்தார், பாரிஸ் பணக்காரர்கள் அதைப் பார்த்துப் பயந்தார்கள். அவற்றோடு வைத்துப் பார்த்தால் ரோஸாவின் உழவில் வறுமை இல்லை, கூலி இல்லை, நிலம் யாருடையது என்ற கேள்வி இல்லை. உண்மைதான். உழவனின் கஷ்டம் தெரிய வேண்டும் என்றால் மிலேயிடம்தான் போக வேண்டும். ஆனால் உழைப்பே இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உழைப்பு மாட்டின் உடம்பில் இருக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற ரொட்டிக்கு யார் இழுத்தார்கள் என்பதை அந்த ஓவியம் மறைக்கவில்லை, எட்டரை அடி அகலத்துக்குக் காட்டுகிறது. மாட்டுக்கும் அந்த அளவு மரியாதை வேண்டும் என்று நினைக்கிற ஓவியர் ஒருவர் இருந்தார் என்பதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பின் நடந்தவை உங்கள் கட்டுரையில் ஓரளவு இருக்கின்றன. 1853-இல் காட்சிக்கு வைத்த 'குதிரைச் சந்தை' அவரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரபலமாக்கியது, இப்போது அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். 1865-இல் பிரான்சின் பேரரசி யூஜெனி அவர் வீட்டுக்கே வந்து லெஜியன் ஆஃப் ஹானர் என்ற பிரெஞ்சு அரசின் உயரிய விருதைத் தந்தார், ஓவியம் சிற்பம் செய்கிற பெண்களில் அதை முதலில் பெற்றவர் இவர்தான். இவ்வளவு புகழும் 1899-இல் அவர் இறந்த பிறகு வேகமாகக் கரைந்தது. மோனே, ரெனுவார் போன்ற இம்ப்ரெஷனிஸ்டுகள் வந்த பிறகு இவருடைய பாணி பழசாகப் பட்டது, நுணுக்கமாக வரைந்தால் அதில் கற்பனை இல்லை என்று ஒதுக்குகிற காலம் வந்துவிட்டது. நெடுங்காலம் இந்த ஓவியத்தைப் பேச ஆள் இல்லை.

உங்கள் கட்டுரையில் இல்லாத ஒரு சுவையான செய்தி. 1978-இல் பிரெஞ்சு அரசு 19-ஆம் நூற்றாண்டுக் கிராமத்து நிலக்காட்சி ஓவியங்களைச் சீனாவுக்கு ஒரு கண்காட்சியாக அனுப்பியது. கலாசாரப் புரட்சி ஓய்ந்த கையோடு பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் நடந்தது அது. மேற்கத்திய எண்ணெய் ஓவியத்தின் அசலையே அதுவரை பார்த்திராத ஒரு தலைமுறைச் சீன ஓவியர்களுக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. பஸ்தியன் லெபாஜ் வரைந்த வைக்கோல் வயல் பெண்ணைப் பற்றி அவர்கள் பல வருடம் பேசியிருக்கிறார்கள். அந்தக் கண்காட்சியில் ரோஸாவின் உழவும் போயிருந்தது. வரைந்தவர் என்ன உடுத்தினார், யாரோடு இருந்தார் என்ற பேச்சு எதுவும் முன்னால் வராமல், மண்ணும் மாடும் மட்டும் முன்னால் நிற்க ஒரு கூட்டம் அதைப் பார்த்தது என்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. பிறந்து 200 வருடம் ஆனதை ஒட்டி 2022-இல் போர்தோவிலும், அதன் பிறகு பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்திலும் பெரிய கண்காட்சி நடந்தது, அதிலிருந்து மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். 'நிவெர்னேயில் உழவு' இருப்பதும் ஓர்சேயில்தான், உங்கள் பக்கத்தில் போட்டிருப்பது போல லூவ்ரில் இல்லை.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். முதலாவது, திருத்தம் போடுங்கள்: படத்தில் இருப்பவை பசுக்கள் அல்ல எருதுகள், பிறந்த ஊர் பாரிஸ் அல்ல போர்தோ, ஓவியம் இருக்கும் இடம் ஓர்சே. அப்புறம், இந்த வரிசையில் அடுத்த ஓவியரைப் பற்றி எழுதும்போது வாழ்க்கை வரலாற்றைக் கொஞ்சம் குறைத்து ஒரே ஓர் ஓவியத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தின் முழு அகலத்துக்கும் அச்சிடுங்கள், ஓரம் வெட்டாமல். பக்கத்திலேயே வருடம், அளவு, இருக்கும் இடம், வரைந்திருக்கும் வேலை என்ன என்று நாலு வரி போதும். விவசாயம் சம்பந்தப்பட்ட படம் என்றால் விவசாயம் தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், உங்கள் செய்தியாளர்களுக்கு எல்லா மாவட்டத்திலும் அப்படி ஆட்கள் தெரிந்திருப்பார்கள். உங்கள் வாசகர்களில் மாடு பூட்டி உழுதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓவியக் கலைப் பக்கம் நமக்கு இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அவர்கள். இந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தால், நுகத்தைக் கொம்பில் ஏன் கட்டியிருக்கிறார்கள், ஆறு மாடு எதற்கு, முன்னால் எந்த ஜோடியைப் பூட்டியிருப்பார்கள் என்று அவர்களே உங்களுக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்சி மாவட்டம்